ஜெமீலா சர்வதேசப் பயண முகவரகம்

"மூண்டு வேணும்! சுற்றுநிருபத்தில கிடக்கு, மூண்டு—"

"சேர், ஊரில இருக்கிற பயண முகவரகமே ஒண்டு—"

"ஊரில எத்தினை இருக்கெண்டு நான் கேக்கேல்லை, இராகுலன். மூண்டு வேணும் எண்டு—"

"இருக்கிறது ஒண்டெண்டால் மூண்டுக்கு நான் எங்க சேர் போறது? காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா அவனிட்டயே போய்க் கேக்கிறதே?"

"பகிடி விடாதேங்கோ! கூட்டக் குறிப்பில ஏறுது எல்லாம்!"

எல்லாம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. செயலாளர் அஷ்பாக் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் குணரத்தினம் மேசையில் தட்டியதைக்கூட 'தலைவர் மேசையில் தட்டினார், ஒரு தடவை' என்று எழுதிவிட்டு, இன்னொரு தடவை தட்டுவாரோ என்று பேனையைத் தூக்கிக் காத்திருந்தார்.

நாலாவது கதிரையில் சித்தி பரீதா இருந்தாள்; 'சித்தி' உறவுமுறை அல்ல, பெயரின் முன்பாதி. பயண முகவர் தெரிவுக் குழுவில் சாதாரண உறுப்பினர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று சுற்றுநிருபம் சொல்லுவதால் அவளைப் போட்டிருந்தார்கள். சாதாரண உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றுநிருபம் சொல்லவில்லை. ஆகையால் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் இருக்கும் மிதவைப் பராமரிப்பு அலுவலகத்தில் நடந்தது இது. துறைமுகத் தண்ணீரில் பதினொரு மிதவைகள். அலுவலகத்தில் இருபத்துமூன்று பேர். களஞ்சியம், கணக்கு, எழுத்துவேலை எல்லாம் சேர்த்து மிதவைக்கு இரண்டு பேர் வீதம் இருபத்திரண்டு பேர் மிதவைகளைப் பார்த்துக்கொண்டார்கள்; குணரத்தினம் அவர்களைப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்துக்கும் அவர்தான் பொறுப்பு, அலுவலகத்தின் நலன்புரிச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தனக்குத் தானே கடிதம் எழுதி, தானே பதில் எழுதி, பதில் பிந்தியதற்குத் தன்னையே கண்டித்தும் இருக்கிறார்.

வருடா வருடம் நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்கிவிட்டுத் திரும்புகிற சங்கம், இருபத்தைந்தாவது வருட நிறைவுக்காகச் சிங்கப்பூருக்குப் போய்த் தீம் பார்க் பார்ப்பதென்று தை மாதப் பொதுக்கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானிக்கக் கை தூக்கினால் போதுமாயிருந்தது. போவதற்குத்தான் பயண முகவர் தேவைப்பட்டார்.

சித்தி பரீதாவுக்கு அந்தப் பயணம் எப்படியும் நடக்க வேண்டும். அவள் களஞ்சியப் பொறுப்பாளர். சங்கிலி, கொளுக்கி, துருப்பிடித்த மணி, மிதவைக்குப் பூசும் சிவப்பு மை, பச்சை மை என்று முப்பத்தொரு வருடம் அதற்குள்ளேயே கழிந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாகச் சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறாள்; நுவரெலியா பார்த்ததில்லை. பஸ் புறப்படுகிற நேரத்தில் யாராவது ஒருவர், "பரீதாவும் வந்தா களஞ்சியத் திறப்பு ஆரிட்ட?" என்று கேட்பார். அதோடு அவள் இடுப்பில் சாவிக் கொத்துக் குலுங்க இறங்கிவிடுவாள்.

அதற்கெல்லாம் அவள் கவலைப்பட்டதில்லை. ஒரு நாள் இளைய எழுதுவினைஞர் கீர்த்தனி போனில் ஒரு படத்தை ஓடவிட்டாள். அந்தத் தீம் பார்க்கின் ரோலர் கோஸ்டர். முன் வரிசையில் முக்காடு போட்ட ஒரு பெண், அறுபது வயதிருக்கும். உச்சியில் வண்டி ஒரு கணம் நிற்கிறது. பிறகு விழுகிறது. அந்தப் பெண் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்துகிறாள்.

"இவ அழுறாவோ, சிரிக்கிறாவோ புள்ள?"

"தெரியேல்லை அன்ரி. ரெண்டும்தான் போல."

சித்தி பரீதா அதை ஏழு தடவை பார்த்தாள். அடுத்த கிழமை பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தாள். நவம்பர் முப்பதாம் திகதி அவளுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றவர் சங்க உறுப்பினர் அல்லர். உறுப்பினர் அல்லாதவர் சங்கப் பயணத்தில் போக ஏலாது. தை மாதத்தில் இருந்துகொண்டு பார்த்தபோது நவம்பர் வெகு தூரத்தில் தெரிந்தது. சிங்கப்பூரைவிடத் தூரத்தில்.

"பரீதா நகரத்துக்குத்தானே போறா பின்னேரம்," என்றார் குணரத்தினம், கூட்ட மேசையில் மறுபடி தட்டிவிட்டு. "அந்த முகவரிட்ட ஒருக்கா விசாரிக்கட்டும். மூண்டு விலைமனு. மூண்டு வேற வேற ஆக்களிட்ட இருந்து. நாங்கள் நேர்மையான நிறுவனம், ரெண்டோட திருப்திப்படுற ஆக்களில்லை."

'தலைவர் நேர்மை பற்றிப் பேசினார்' என்று அஷ்பாக் எழுதினார்.

*

ஊரின் அந்த ஒரேயொரு முகவர் நஸ்ரியின் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். போட்டோக்கொப்பி, போன் ரீலோட், உம்ரா யாத்திரை, விமான ரிக்கெட். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பெரிய விமானப் படம். படத்தில் விமானத்தின் வாலை மின்விசிறி மறைத்திருந்தது.

"சாச்சி, இருபத்திமூணு பேரா? நாளைக்கே போடலாம். இப்ப சீட் மலிவு."

"தம்பி, மூண்டு விலைமனு வேணுமாம்."

நஸ்ரி சிரித்தான். கணினிப் பக்கம் கதிரையைத் திருப்பினான்.

"இதுக்கா இவ்வளவு யோசினை? நான் மூண்டு தாறன். ஒண்டு என்ட பேர்ல. ஒண்டு மச்சான்ட பேர்ல, அவன் கிண்ணியாவில சீமெந்துக் கடை. இன்னொண்டு... மாமிட பேர்ல போடுவம்."

"ஜெமீலா ராத்தா வட்டிலப்பம் அவிச்சு விக்கிறவ இல்லையா?"

"விக்கட்டும். அவக்கு இது தெரியவும் தேவையில்ல. மற்ற ரெண்டையும் விலை கூட்டிப் போடுவன், என்ட குறைவா இரிக்கும், எனக்குக் கிடைக்கும். எல்லா அலுவலகத்துக்கும் இப்பிடித்தானே சாச்சி குடுக்கிறது. கதிரை வாங்கினாலும் இப்பிடித்தான், குப்பை அள்ளினாலும் இப்பிடித்தான்."

இரண்டு நிமிடத்தில் 'ஜெமீலா சர்வதேசப் பயண முகவரகம்' பிறந்தது. கிண்ணியா முகவரி, நீலக் கடிதத் தலைப்பு, மூலையில் பறக்கும் ஒரு கொக்கு. சித்தி பரீதாவுக்குக் கொஞ்சம் மனம் உறுத்தியது. ஆனால் உச்சியில் நின்ற வண்டியை நினைத்தாள். மூன்று உறைகளையும் கைப்பைக்குள் வைத்தாள்.

*

விலைமனுக்களைப் பொதுமக்கள் பார்வைக்கு மூன்று நாள் வைக்க வேண்டும் என்பது விதி. வெளிப்படைத்தன்மைக்காக அவற்றை வெளி விறாந்தை மேசையில் வைக்கச் சொன்னார் குணரத்தினம். உறைகள் சீல் வைத்தபடியே இருந்ததால் யாரும் எதையும் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மிகவும் வெளிப்படையாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை சித்தி பரீதா ஓடி வந்தாள்.

"சேர், ஒரு உறையை மான் திண்டிட்டுது!"

ஊரில் மான் திரிவது புதினமில்லை. பஸ் நிலையத்தில் நிற்கும், மரக்கறிக் கடையில் நிற்கும், சில வேளை வங்கி வாசலில் வரிசையிலும் நிற்கும். அலுவலக விறாந்தைக்கு வந்ததும் அதிசயமில்லை. ஆனால் விலைமனு தின்ற மான் என்று இதுவரை ஒன்றும் இருக்கவில்லை.

"எந்த மான்?" என்றார் குணரத்தினம்.

"புள்ளி மான் சேர்."

"எல்லாம் புள்ளிதானே! அடையாளம் சொல்லுங்கோ. கொம்பு இருந்ததோ?"

"ஓம்."

"எழுதுங்கோ அஷ்பாக். கொம்புள்ளது. இது சும்மா விசயமில்லை. ஒரு முகவரின்ர உறையைத் திண்டு, மற்ற ரெண்டு பேரின்ரயை விட்டிருக்கு. ஏன் விட்டது? அந்த மானுக்கும் முகவர்களில ஒருத்தருக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ எண்டு தெரிய வேணும்."

"சேர்," என்றார் பொருளாளர் இராகுலன், "திண்டது சீமெந்துக் கடைக்காரற்ற உறை. மற்ற ரெண்டையும் வைச்சுத் தொடரலாமே?"

"எப்பிடித் தொடருறது? அந்த ரெண்டும் தின்னப்படாத அனுகூலத்தைப் பெற்றிட்டுது. போட்டி சமமில்லை. முழுக்கப் புதுசாக் கேளுங்கோ."

மான் விசாரணை ஐந்து கிழமை நடந்தது. பதினெட்டுப் பக்க அறிக்கை. மான் தனித்தே செயற்பட்டது என்றும், உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றும் முடிந்தது. எதிர்காலத்தில் விலைமனுக்களை மான் விரும்பாத காகிதத்தில் கோர வேண்டும் என்பது அறிக்கையின் பரிந்துரை. எந்தக் காகிதத்தை மான் விரும்பாது என்று ஆராய இரண்டு பேர் கொண்ட உபகுழு போடப்பட்டது. அந்த உபகுழு இன்னும் இருக்கிறது.

நஸ்ரி மறுபடி மூன்றும் அச்சடித்துக் கொடுத்தான். சித்திரை பிறந்து பழசாகிவிட்டிருந்தது.

"சாச்சி, சீட் விலை ஏறிட்டு."

"ஓகஸ்ட்டில போயிடுவம் தம்பி. பள்ளி லீவோட."

*

மே மாதக் கடைசியில் மதிப்பீடு. குணரத்தினம் புதுச் சேட் போட்டு வந்திருந்தார். நூறு புள்ளிக்கு அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர் அடித்திருந்தார்.

"முதலாவது, நஸ்ரி. ஒன்பது வருட அனுபவம். எத்தினை முறைப்பாடு?"

"மூண்டு, சேர்," என்றார் இராகுலன். "ஒராளின்ர பை துலைஞ்சது. ஒராளுக்கு விமானம் பிந்தினது. ஒராளுக்குச் சாப்பாடு உறைப்புக் காணாது."

"மூண்டு முறைப்பாடு! எழுபது புள்ளி வெட்டுங்கோ. ரெண்டாவது, அந்தச் சீமெந்து... கடிதத்தின்ர அடியில என்ன எழுதியிருக்கு?"

"'கம்பியும் கிடைக்கும்' எண்டிருக்கு சேர்."

"பயணத்துக்குக் கம்பி என்னத்துக்கு? தள்ளுங்கோ. மூண்டாவது?"

"ஜெமீலா சர்வதேசப் பயண முகவரகம். அனுபவம் ஒண்டுமில்லை. முறைப்பாடும் ஒண்டுமில்லை."

குணரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்டுமே இல்லையோ?"

"ஒண்டுமே இல்லை. ஒரு பை துலையேல்லை, ஒரு விமானம் பிந்தேல்லை."

"பாருங்கோ," என்றார் குணரத்தினம், எழும்பி நின்றுகொண்டு. "இருபத்தெட்டு வருட சேவையில நான் கண்ட உண்மை ஒண்டு இருக்கு. வேலை செய்யிறவன் பிழை விடுவான். ஒரு பிழையும் விடாதவன் ஆர்? ஒண்டும் செய்யாதவன். என்னைப் பாருங்கோ! என்ர சேவைக் கோவையில ஒரு சிவப்புக் கோடு இருக்கோ? ஒரு மிதவை என்ர காலத்தில அசைஞ்சிருக்கோ? அப்பிடி ஒரு முகவர் எங்களுக்குக் கிடைச்சிருக்கிறது பாக்கியம். நூற்றுக்கு நூறு!"

அஷ்பாக் எழுதியபடியே கைதட்டப் பார்த்தார், பேனை விழுந்தது.

"சேர்," என்றாள் சித்தி பரீதா. "அவ வந்து... அவ இதில புதுசு, சேர். அவட விலையும் கூட."

"விலை கூடினால் தரமும் கூடத்தானே இருக்கும்! சாதாரண உறுப்பினரின்ர கவலை குறிப்பில ஏறட்டும். பிளேன்ரீ இருக்கோ?"

*

பதிவுத் தபாலில் கடிதம் கிண்ணியாவுக்குப் போனது. மூன்றாம் நாள் நஸ்ரியின் கடையில் பெரிய சத்தம்.

"மாமி, அது பிழையா வந்தது, கடிதத்தை இஞ்ச தாங்க, நான்—"

"பிழையா? என்ட பேர் கிடக்கு, என்ட விலாசம் கிடக்கு, தபால்காரன் கையெழுத்து வாங்கித் தந்தவன்!"

உள்ளே வந்த சித்தி பரீதாவைக் கண்டதும் ஜெமீலா கடிதத்தை நீட்டினாள். ஜெமீலாவுக்கு அறுபத்துமூன்று வயது. முன்னங்கையில் வட்டிலப்பம் அவித்த ஆவி பட்ட தழும்பு.

"நீ வாசி பரீதா. சத்தமா வாசி. இவனுக்குக் கேக்கட்டும்."

"'தங்கள் நிறுவனம் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன்...'"

"கேட்டியா? தெரிவு! என்ட வாழ்க்கையில என்னை ஆரும் தெரிஞ்செடுத்ததில்ல, பரீதா. கலியாணத்துக்குக்கூட மூத்தவ, ராத்தாவைப் பாக்கத்தான் வந்தாங்க. அவக்குச் சுகமில்லாமப் போனதில என்னைக் குடுத்தாங்க. இப்ப அரசாங்க முத்திரை குத்தி வந்திரிக்கு. நான் விடமாட்டன்."

"ராத்தா, உங்களுக்கு ரிக்கெட் போடத் தெரியுமா?"

"வட்டிலப்பம் போடத் தெரிஞ்சா பிறந்த நான்? பழகினதுதானே. டேய் நஸ்ரி, கதிரையைத் தள்ளு அங்கால."

நேர்முகத்துக்கு அவளைக் கூப்பிட்டபோது குணரத்தினம் வாசல் வரை போய் வரவேற்றார்.

"அம்மா, பயணத்துறையில உங்கட முன் அனுபவம்?"

"பாலம் கட்ட முந்தி கிண்ணியாவுக்குப் பாதை ஓடினது தெரியுந்தானே மகன், கயிறு இழுத்து ஆக்களைக் கடத்துற படகுப் பாதை? அதில எட்டுப் புள்ளையளும் ரெண்டு ஆடும் ஒரு தையல் மெசினும் கொண்டு இஞ்சால வந்து போவன். ஒண்டும் தவறினதில்ல. ஒரு ஆடு மட்டும் ஒருக்காப் பாஞ்சது. பிடிச்சிட்டன்."

'கடல்வழிக் குழுப் பயணங்களை நடத்திய அனுபவம் உண்டு. அவசரகால மீட்பும் செய்துள்ளார்' என்று அஷ்பாக் எழுதினார்.

இரண்டு கிழமை ஜெமீலா மருமகனின் கடையில் குந்தியிருந்து பழகினாள். மூன்றாம் கிழமை அவன் காணாத மலிவு ரிக்கெட் ஒன்றை அவள் கண்டுபிடித்தாள். நாலாம் கிழமை மின்விசிறியை வேறு பக்கம் மாற்றினாள். விமானத்துக்கு வால் வந்தது. ஜூலை கடைசியில் இருபத்துமூன்று பேருக்கும் எல்லாம் ஆயத்தம். பணத்தைக் கட்டினால் சரி.

"இனி ஒரு சின்ன விசயம்தான் இருக்கு," என்றார் குணரத்தினம்.

*

அந்தச் சின்ன விசயம் முன்னாய்வு.

"காணாத இடத்துக்கு இருபத்திமூண்டு உயிரை நான் எப்பிடி அனுப்புறது? முதல்ல குழு போய்ப் பாக்க வேணும். கட்டடம் உறுதியோ, கழிப்பறை போதுமோ, நிழல் இருக்கோ. இது எனக்கு விருப்பமில்லாத வேலை. வெளிநாடு எண்டால் எனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. ஆனால் கடமை எண்டு ஒண்டு இருக்கே."

"குழு எண்டால் நாங்கள் நாலு பேரும்," என்றார் இராகுலன்.

சித்தி பரீதா கைப்பையை மடிக்கு இழுத்தாள். பாஸ்போட் கைப்பைக்குள்ளேயே இருந்தது. மார்ச்சில் இருந்து அது அங்கேதான்.

"நாலு பேரும்தான்," என்றார் குணரத்தினம். "ஆனால், பரீதாவும் வந்தால் களஞ்சியத் திறப்பு ஆரிட்ட?"

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வெறும் கோப்பைகளை அடுக்கினாள். இருபத்தைந்து வருடமாக அதே கேள்விதான்.

செப்டெம்பரில் மூவரும் போனார்கள். ஜெமீலா தன் முதல் வாடிக்கையாளர்களை ஒரு குறையும் இல்லாமல் அனுப்பி வைத்தாள். குணரத்தினத்தின் வயிற்றுக்கென்று ஓமத் தண்ணீரும் கட்டிக் கொடுத்தாள். நாலு நாள். திரும்பி வந்தபோது மூவரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருந்தார்கள்.

"எப்பிடி சேர்?" என்று இருபது பேரும் விறாந்தையில் கூடி நின்று கேட்டார்கள்.

"கடும் வேலை," என்றார் குணரத்தினம். "அறிக்கை வரும்."

அறிக்கை ஒக்டோபர் முழுக்க எழுதப்பட்டது. அறுபத்துநாலு பக்கம். அதன் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டக் கூட்டம் கூட்டினார்.

"பூங்கா நல்லது. ஆனால் நல்லது எண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது? எதோட ஒப்பிட்டு? ஒண்டைப் பாத்து ஒண்டைத் தெரிவு செய்தால் கணக்காய்வு சும்மா விடுமோ? சுற்றுநிருபம் என்ன சொல்லுது?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"மூண்டு! மூண்டு பூங்கா பாக்க வேணும். ரெண்டாவது பாங்கொக்கில, டிசம்பரில. மூண்டாவது யப்பானில, பங்குனியில, பூப் பூக்கிற காலம். அதுக்குப் பிறகுதான் உறுப்பினர்களின்ர பயணம். அவசரப்பட்டு ஒரு பிழை விட்டிட்டு வாழ்நாள் முழுக்க நான் கவலைப்பட ஏலாது."

கீர்த்தனி திரும்பிப் பார்த்தாள். சித்தி பரீதாவின் கதிரை வெறுமையாக இருந்தது. அவள் களஞ்சியத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சங்கிலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ண வேண்டிய தேவை எதுவும் இல்லை.

"அன்ரி, அழுறீங்களோ?"

"இல்ல புள்ள. சிரிக்கிறன். ரெண்டும்தான் போல."

*

நவம்பர் பன்னிரண்டாம் திகதி, களஞ்சிய வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். கொழும்புத் தபாலைப் பிரித்த கீர்த்தனி காலையிலேயே அங்கே வந்து போயிருந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் குணரத்தினம் அந்தப் பக்கம் வந்ததில்லை. எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் ஒரு சங்கிலிக் குவியலைச் சுற்றி வந்தார்.

"பரீதா, சுகமோ? நல்ல... நல்ல வடிவா வைச்சிருக்கிறீங்கள் எல்லாம்."

"இரிங்க சேர். அந்த மிதவையில இரிங்க, மை காஞ்சிட்டு."

அவர் இருந்தார். இராகுலன் கோவையை நீட்டினார். செலவு அங்கீகாரத்துக்கு அனுப்பிய அறுபத்துநாலு பக்க அறிக்கை, கொழும்புத் தலைமையகத்தின் ஊதா முத்திரையோடு திரும்பி வந்திருந்தது.

"ஒரு சின்னக் கையெழுத்து," என்றார் குணரத்தினம். "குழுவில நாலு பேர், கையெழுத்து மூண்டுதான் இருக்கெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். நாலாவது இல்லாட்டி ஆய்வு செல்லாதாம். செல்லாட்டி..." அவர் தொண்டையைச் செருமினார். "போன செலவை நாங்கள் மூண்டு பேரும் சம்பளத்தில கட்டட்டாம்."

"எப்ப வரைக்கும் சேர்?"

"மாசக் கடைசி வரைக்கும்."

"அப்ப எனக்கும் இஞ்ச அவ்வளவு நாள்தான்," என்றாள் சித்தி பரீதா. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் பக்கம் புரட்டினாள். கழிப்பறைகள், நாற்பத்தொன்று. குப்பைத் தொட்டிகள், வர்ணவாரியாக. வாகனத் தரிப்பிடம், படத்துடன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"'ரோலர் கோஸ்டர் எனப்படும் ஊர்தி, போதிய தூரத்திலிருந்து அவதானிக்கப்பட்டது.' தூரத்தில இருந்தா? ஏறேல்லையா சேர்?"

"அது வந்து..."

"பயமா?"

"பயமோ! எனக்கோ! அது... வரிசையில நிக்கச் சொன்னாங்கள், பரீதா. ஒன்றரை மணித்தியாலம். நான் எங்கட அலுவலகத்தின்ர பொறுப்பாளர், இது உத்தியோகபூர்வ ஆய்வு எண்டு சொன்னனான். கடிதத் தலைப்பையும் காட்டினனான். வாசலில நிண்ட பெடிச்சி சிரிச்சுக்கொண்டு, கடைசியில போய் நில்லுங்கோ எண்டிட்டாள். இருபத்தெட்டு வருடத்தில நான் ஒரு வரிசையிலயும் நிண்டதில்லை. வரிசையை ஒழுங்குபடுத்தித்தான் பழக்கம்."

"அப்ப நாலு நாளும் என்ன செய்தீங்க?"

"கழிப்பறை எண்ணினம்," என்றார் அஷ்பாக், முதல் தடவையாக எழுதாமல்.

சித்தி பரீதா கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதில 'நான் என் கண்ணால் பார்வையிட்டேன்' எண்டு போட்டிரிக்கே. நான் பாக்கேல்லையே சேர்."

"அது ஒரு வழக்கமான வசனம். எல்லாரும் வைக்கிறதுதான்."

"நீங்க வைங்க. ஒரு பிழையும் விடாத ஆள் நீங்க. நான் வைச்சா அது பிழையாப் போகும். ஓய்வு பெறப்போற நேரத்தில என்ட கோவையில ஒரு சிவப்புக் கோடு என்னத்துக்கு?"

குணரத்தினம் இராகுலனைப் பார்த்தார். இராகுலன் அஷ்பாக்கைப் பார்த்தார். அஷ்பாக்குக்குப் பார்க்க யாரும் இல்லாததால் ஒரு மணியைப் பார்த்தார்.

"என்ன செய்யலாம் எண்டுறீங்கள், பரீதா?"

"பாத்திட்டு வந்து வைக்கிறன். பெரிய கையெழுத்தா வைக்கிறன்."

"நீங்கள் மட்டுமோ? சரி, ஒராளெண்டால் எப்பிடியும்..."

"நான் மட்டும் போய் என்ன சேர்? என்ட ஒரு சோடிக் கண்ணை நம்பி இருபத்திமூணு உயிரை விட ஏலுமா? எல்லாரும் வந்து பாக்கட்டும். இருபதாந் திகதி போய் இருபத்திநாலாந் திகதி வந்தா, முப்பதுக்கு முந்தி எனக்குக் கையெழுத்து வைக்க நேரம் இரிக்கு. சங்கக் காசில நீங்க எடுத்தது போக மிச்சம் எல்லாருக்கும் காணும், இராகுலன் தம்பியே சொல்லட்டும்."

"காணும் சேர்," என்றார் இராகுலன் மெதுவாக. "பாங்கொக்கையும் யப்பானையும் விட்டால்."

"களஞ்சியத் திறப்பு?" என்றார் குணரத்தினம். அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவள் இடுப்பில் இருந்து திறப்புக் கோர்வையை எடுத்து, அவர் இருந்த மிதவையின் மேல், அவருடைய தொடைக்குப் பக்கத்தில், வைத்தாள்.

வெளியே ஓட்டோ ஒன்று ஹோன் அடித்தது. ஜெமீலாவின் குரல் மதிலைத் தாண்டி வந்தது. "பரீதா! நாலு மணி வரைக்கும்தான் சீட் பிடிச்சு வைச்சிரிக்கன்! என்னவாம் அவங்க?"

சித்தி பரீதா வாசல் வரை போனாள். நின்று திரும்பினாள்.

"இருபத்திமூணுக்கும் போடச் சொல்லுறன் சேர். ஆனா ஒண்டு. அங்க ஒன்றரை மணித்தியாலம் எண்டீங்களே, நீங்க வரிசையில எனக்கு முன்னால நிக்கப்போறீங்களா, பின்னாலயா?"